மழைக்காட்டில் பயிற்சிப் பணி: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாடுகளின் மழைக்காடுகளில் நடைபெறும் பாதுகாப்புத் திட்டங்களில் இன்டர்ன்ஷிப் செய்வது குறித்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்கள் தரப்படவில்லை.

விலங்கியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். போர்னியோ அல்லது பனாமாவில் மூன்று மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. அங்கே பயிற்சியாளர்களுக்கு உண்மையில் என்ன வேலை தருவார்கள்?
– மாணவி, நாகர்கோவில்

எண்ணுவது, அளப்பது, எழுதி வைப்பது, மறுநாள் அதையே திரும்பச் செய்வது. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நீங்கள் பனாமாவைக் குறிப்பிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது உருவான காத்தூன் ஏரியில், மூழ்காமல் தப்பிய ஒரு குன்றின் மேற்பகுதிதான் பாரோ கொலராடோ தீவு. 1923 முதல் காப்பிடமாக இருந்துவரும் அத்தீவை 1946 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் நிர்வகிக்கிறது. 1980-இல் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் ஆகிய சூழலியலாளர்கள் இருவரும் அங்கே 50 ஹெக்டேர் காட்டை எல்லை குறித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். தண்டுகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். மர இனங்கள் ஏறத்தாழ 300. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அத்தனையையும் மறுபடி அளக்கிறார்கள். அதே நிலத்தில் 200 விதை வலைகள் கட்டப்பட்டுள்ளன. 1987 முதல் அவற்றில் விழும் விதைகளையும் பூக்களையும் வாரந்தோறும் எடுத்து, இனம் பிரித்து எண்ணி வருகிறார்கள்.

இந்த வேலையின் நுட்பம் அளவு நாடாவைப் பிடிப்பதில் இருக்கிறது. மரத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் வேர்கள் அதற்கு மேலும் ஏறியிருந்தால் ஏணி வைத்து ஏறி, சென்ற முறை அளந்தவர்கள் வண்ணம் பூசிச் சென்ற கோட்டிலேயே நாடாவைச் சுற்ற வேண்டும். நிழலில் நிற்கும் இளமரம் ஐந்தாண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் தடித்திருக்கும் என்பதால், நாடா ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் வளராத மரம் வளர்ந்ததாகப் பதிவாகிவிடும். அந்தப் பிழையை இன்னும் ஐந்தாண்டு கழித்து, நீங்கள் முகமே அறியாத ஒருவர் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொள்வார். இதே முறையில் இலங்கையின் சிங்கராஜக் காட்டில் 25 ஹெக்டேரும், 1988 முதல் நம் முதுமலையில் 50 ஹெக்டேரும் அளக்கப்பட்டு வருகின்றன. முதுமலை மழைக்காடு அன்று, இலையுதிர் காடு. ஆனாலும் நாடா பிடிக்கும் முறை எங்கும் ஒன்றே.

போர்னியோவில், மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள டானும் பள்ளத்தாக்கு 438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்புக்காடு; 1986 முதல் அங்கே கள ஆய்வு மையம் இயங்குகிறது. நம் வெள்ளைக் குங்கிலியத்தின் உறவுகளான டிப்டெரோகார்ப் மரங்களின் அரசு அது. அவற்றில் ஒன்று 100.8 மீட்டர் உயரம் என 2019-இல் அளந்து அறிவித்தார்கள். இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, பெரும்பாலும் எல் நினோ வறட்சியை ஒட்டி, வட்டாரம் முழுவதும் ஒருசேரப் பூத்துக் காய்க்கின்றன. விதையைச் சேமித்து வைக்கவும் முடியாது. விழுந்த சில நாட்களிலேயே முளைக்கும், இல்லையேல் செத்துவிடும். ஆகவே காய்ப்பு ஆண்டில் போகிறவர் இரவு பகலாக விதை பொறுக்கி நாற்றங்காலை நிரப்புவார். மற்ற ஆண்டில் போகிறவர் முன்பு நட்ட கன்றுகளைச் சுற்றிக் கொடி வெட்டுவார்.

கொடி வெட்டுவதை இழிவாக எண்ண வேண்டாம். அதே மாநிலத்தில், மரம் வெட்டிச் சிதைந்த மாலுவா காட்டில், 2002-இல் 500 ஹெக்டேரில் ஒரு சோதனை தொடங்கினார்கள். சில பாத்திகளில் ஒரே இனம், சிலவற்றில் நான்கு, சிலவற்றில் பதினாறு எனக் கன்றுகளை நட்டு, பின்னர் பத்தாண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, பதினாறு இனம் நட்ட பாத்திகளே வேகமாகத் தேறியிருந்தன. அந்த முடிவுக்கு அடியில் இருப்பது ஆண்டுக்கணக்கில் பலர் செய்த கன்றுப் பராமரிப்புதான்.

நீங்கள் விலங்கியல் மாணவி என்பதால் தானியங்கிக் கேமரா வேலையும் கிடைக்கலாம். ஆயிரக்கணக்கான படங்களைத் திரையில் பார்ப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை காற்றில் ஆடிய இலையாக இருக்கும்.

ஒரு முகவர் நிறுவனம் 'ஒராங்குட்டான் பாதுகாப்பில் நான்கு வாரம்' என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கிறது. நாம் வேலை செய்யப் போகிறோம், நாமே ஏன் பணம் கட்ட வேண்டும்? இது நம்பத்தக்கதா என்று எப்படி அறிவது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பணம் கேட்பது ஒன்றே ஏமாற்று வேலைக்கு அடையாளமாகாது. கள மையத்துக்கு அரிசியும் டீசலும் படகில் வந்து சேர வேண்டும். மூன்று வாரம் தங்கும் ஒருவருக்குப் பாதையும் பாம்பும் காட்டிக்கொடுக்கவே ஒரு பணியாளரின் பாதி நேரம் போய்விடும். படுக்கைக்கும் உணவுக்கும் கட்டணம் வாங்காத நிலையங்கள் குறைவு. அந்தத் தொகையில் எவ்வளவு காட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டியது. நேரடியாகக் கேளுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.

இருபத்து மூன்று வயதில் நானும் இப்படி ஓர் இடைத்தரகரிடம் பணம் கட்டிப் போனவன்தான். காட்டு விலங்கு மறுவாழ்வு என்றார்கள். மூன்று வாரமும் ஒரு மரவேலிக்கு வண்ணம் பூசினோம். இரண்டாம் வாரத்தில் பழைய வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது, அடியில் அதே பச்சை நிறத்தில் இன்னும் இரண்டு பூச்சுகள் இருந்தன. எங்களுக்கு முன் வந்த குழுக்கள் பூசியவை. அந்த வேலி எதற்கு என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட முதல் கேள்வி: பயிற்சியாளர் யாரும் வராத மாதத்தில் இந்த வேலையைச் செய்பவர் யார்? 'உள்ளூர்ப் பணியாளர்கள் செய்கிறார்கள். நீங்கள் அவர்களுக்கு உதவுவீர்கள்' என்ற பதில் வந்தால் நம்பிக்கை கொள்ளலாம். சபாவின் கினபத்தாங்கான் ஆற்றங்கரையில், சுகாவ் கிராமத்தில் 1998-இல் தொடங்கிய ஹூத்தான் அமைப்பின் ஒராங்குட்டான் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே காட்டு ஒராங்குட்டான்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே. வெளியிலிருந்து மாணவர் வராவிட்டாலும் ஆய்வு நடக்கும். நீங்கள் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலை என்றால், அது உங்களுக்காகவே உண்டாக்கப்பட்ட வேலையாக இருக்கக்கூடும்.

அடுத்தது, அந்தத் திட்டத்தின் தரவு எங்கே வெளிவந்திருக்கிறது என்று கேளுங்கள். பத்தாண்டாக இயங்குவதாகச் சொல்லும் ஒரு திட்டத்தால் ஓர் ஆய்வுக் கட்டுரையையோ, வனத்துறைக்குக் கொடுத்த ஓர் அறிக்கையையோ காட்ட முடியவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

மூன்றாவதைக் கேட்கவே வேண்டாம், விளம்பரப் படத்தைப் பார்த்தாலே போதும். குட்டி ஒராங்குட்டானை ஒருவர் இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் படம் இருந்தால் அங்கே போகாதீர்கள். நம் சளியும் இருமலும் அவற்றுக்குத் தொற்றும். மனிதரை அண்டிப் பழகிய குட்டியைக் காட்டில் விடுவதும் கடினம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் குரங்கின வல்லுநர் குழு 2021-இல் வெளியிட்ட நெறிமுறை, குரங்கினங்களைத் தூக்கிக்கொண்டோ, 7 மீட்டர் இடைவெளியின்றி நின்றோ எடுத்த படங்களைப் பகிர வேண்டாம் என்கிறது. பெயர்பெற்ற மறுவாழ்வு மையங்களில் தொடும் பணியைப் பயிற்சி பெற்ற நிரந்தரப் பணியாளர்களே செய்கிறார்கள். வருகிறவர்களுக்குக் கூண்டு கழுவுவதும் பழம் நறுக்குவதும்தான்.

முகவரே இல்லாமல் போகவும் வழி உண்டு. பனாமாவிலுள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம் பிற நாட்டு மாணவர்களையும் பயிற்சிக்கு ஏற்கிறது. ஆனால் அறிவிப்பில் குடியுரிமை நிபந்தனையை முதலில் படியுங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை உதவித்தொகை தரும் இளநிலை ஆய்வுத் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியவை. பல மாணவர்கள் மாதக்கணக்கில் விண்ணப்பம் தயாரித்த பிறகே இதைக் கண்டறிகிறார்கள்.

என் மகள் பெரு நாட்டின் அமேசான் பகுதிக்கு இரண்டு மாதப் பயிற்சிக்குப் போகப் பிடிவாதமாக இருக்கிறாள். பாம்பு, காய்ச்சல் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுப்பலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, அனுப்பலாமா என்பதை நீங்களும் உங்கள் மகளும்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பெருவின் மழைக்காட்டு ஆய்வு நிலையங்கள் பல மாத்ரே டி டியோஸ் மாநிலத்தில் இருக்கின்றன. அங்குள்ள லாஸ் அமிகோஸ் நிலையத்துக்குப் புவெர்த்தோ மால்டொனாடோ நகரத்தின் பக்கத்திலிருந்து ஆற்றுவழியே பல மணி நேரம் படகில் போக வேண்டும். ஆகவே பாம்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கத்தான் செய்யும். கடிபட்டால் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், இரவில் படகு ஓடுமா, செயற்கைக்கோள் தொலைபேசி உண்டா, காப்பீடு அவசர வெளியேற்றத்தையும் சேர்த்ததா என்று கேளுங்கள். ஒழுங்கான நிலையம் இக்கேள்விகளுக்கு உடனே பதில் தரும், எழுதியே வைத்திருப்பார்கள். பாம்புக்கடியை முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் பெருமளவு தடுக்கும். களப்பணியாளர்கள் உண்மையில் அஞ்சுவது காற்றடிக்கும்போது மேலிருந்து விழும் கிளையையும் ஆற்று வெள்ளத்தையும்தான். காற்று எழுந்தால் காட்டைவிட்டு வெளியேறும் விதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

காய்ச்சலைப் பொறுத்தவரை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். அது மகளின் உடல்நலத்துக்காக மட்டுமன்று. பெரு, பனாமா போன்ற நாடுகளிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அந்தத் தடுப்பூசி போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அமேசானில் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் வெறிநோயை (ரேபிஸ்) பரப்புவதால், அதற்கான முன்தடுப்பூசி குறித்தும் மருத்துவரிடம் கேளுங்கள். மலேரியாவுக்கு மாத்திரை வேண்டுமா, எந்த மாத்திரை என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கலாம். பெண்கள் தங்கும் ஏற்பாடு எப்படி, இரவுப் பணிக்கு உடன் வருபவர் யார், முறைகேடு நேர்ந்தால் யாரிடம் புகார் செய்வது என்பதற்கெல்லாம் எழுத்துமூலமான நடத்தை விதி இருக்க வேண்டும். அதை மகளையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முன்பு அங்கே பயிற்சி பெற்ற இரண்டு பெண்களிடம் அவள் நேரில் பேசிவிட்டால் உங்களுக்கும் தூக்கம் வரும்.

சுற்றுலா விசாவிலேயே போய் இன்டர்ன்ஷிப் செய்துவிட்டு வரலாம் என்கிறார் நண்பர். மேலும், கல்லூரி அருங்காட்சியகத்துக்கு இலை, வண்டு மாதிரிகளைக் கொண்டுவர முடியுமா?
– தாவரவியல் மாணவர், திருச்சி

நண்பரின் பேச்சைக் கேட்க வேண்டாம். மலேசியா இந்தியர்களுக்குக் குறுகிய காலப் பயணத்தில் விசா விலக்கு அளித்திருப்பதால் பலர் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். சுற்றிப் பார்க்கத் தரும் அனுமதி ஆய்வுக்குச் செல்லாது. பயிற்சிக்கென வருகை அனுமதி தனியாக உண்டு, அதை உங்களை ஏற்கும் நிறுவனமே விண்ணப்பித்துத் தர வேண்டும். அதோடு சபா மாநிலம் தன் குடிநுழைவுக் கட்டுப்பாட்டைத் தானே வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் முத்திரை வாங்கியவரும் சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவில் இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

மாதிரிகள் விஷயத்தில் ஓர் இலையைக்கூடப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வராதீர்கள். உயிர்வளம் அந்தந்த நாட்டின் உரிமை என்று 1992-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மை உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது; 2010-இல் நகோயாவில் உருவாகி 2014-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அதற்கு நடைமுறை வகுத்தது. சபாவில் ஆய்வு செய்யவே சபா உயிர்ப்பன்மை மையத்தின் உரிமம் வேண்டும். மாதிரியை வெளியே கொண்டுபோக வேறோர் உரிமம் வேண்டும். ரப்பர் மர விதைகள் அமேசானிலிருந்து 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்த கதையை நாம் படித்திருக்கிறோம். மலாயாத் தோட்டங்களில் அந்த மரத்தில் பால்வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உயிர்வளம் உள்ள நாடுகள் இன்று ஏன் இவ்வளவு கெடுபிடி காட்டுகின்றன என்று நாம் வியக்க வேண்டியதில்லை. படம் எடுத்து வாருங்கள், அது போதும்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதுமா?
– வாசகர், மட்டக்களப்பு

ஆய்வாளரிடம் பேசப் போதும். படகோட்டியிடமும் சமையல்காரரிடமும் பேசப் போதாது. காட்டைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பனாமா, கோஸ்டாரிக்கா, பெரு மூன்றுக்கும் ஸ்பானிஷ் வேண்டும். ஆறு மாதம் முன்னதாகவே தொடங்கினால் அன்றாடப் பேச்சுக்கு வந்துவிடும். சபாவுக்கு மலாய். அது நமக்கு எளிது: கப்பல் அங்கே காப்பால், கடை கெடாய், குளம் கோலம். எழுத்து ரோமன் எழுத்து என்பதால் படிக்கவும் சிரமமில்லை.

வனவியல் முடித்திருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே இருக்க, இவ்வளவு செலவு செய்து வெளிநாட்டுக் காட்டுக்குப் போவதில் பயன் உண்டா?
– பட்டதாரி, மேட்டுப்பாளையம்

முதலில் இங்கே ஒரு பருவமாவது வேலை செய்துவிட்டுப் போனால் பயன் உண்டு என்பது என் கருத்து. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாக எஞ்சியுள்ள மழைக்காடுகளில், நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் இருபதாண்டுகளுக்கும் மேலாக உள்ளூர் இனக் கன்றுகளை வளர்த்து நட்டு மீட்டெடுத்து வருகிறது. அட்டைக்கடி, நனைந்த குறிப்பேடு, நாள் முழுதும் நடந்தும் ஒன்றும் தென்படாத மாலை ஆகியவற்றை உங்கள் உடம்பும் மனமும் தாங்குமா என்பதை அங்கேயே அறியலாம். பேருந்துச் செலவோடு முடிந்துவிடும். போர்னியோவுக்கு எழுதும் விண்ணப்பத்திலும், 'எனக்கு இயற்கை மீது சிறுவயது முதல் ஆர்வம்' என்னும் வரியைவிட, 'நாற்றங்காலில் ஒரு பருவம் வேலை செய்தேன், இன்னின்ன இனங்களின் விதையை முளைக்க வைக்கத் தெரியும்' என்னும் வரிக்கே மதிப்பு.

அதன் பிறகு வெளியே போனால் இங்கே காண முடியாதவற்றைக் காணலாம். கோஸ்டாரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடழித்து, 1980-களில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே காடாக எஞ்சியிருந்த அந்தச் சிறு நாட்டில், இன்று பாதிக்கும் மேல் காடு. காட்டை அழிக்காமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு, எரிபொருள் வரியிலிருந்து பணம் தரும் ஏற்பாட்டை 1996-ஆம் ஆண்டின் வனச்சட்டம் கொண்டுவந்தது. இறைச்சி விலை சரிந்து பண்ணைகள் கைவிடப்பட்டதும் ஒரு காரணம். அங்கே பயிற்சிக்குப் போகிறவர் மரம் எண்ணுவதோடு நிற்காமல், ஒரு விடுமுறை நாளில் பணம் பெறும் விவசாயி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். தனியார் தோட்டங்களுக்கு நடுவே காடு சிதறிக் கிடக்கும் நம் மலைகளுக்கு அந்த ஏற்பாடு பொருந்துமா என்று வனவியல் படித்த நீங்கள் யோசிக்கலாம். எனக்கு அதில் ஐயம் உண்டு. அங்கே நில உரிமைப் பத்திரம் தெளிவாக உள்ளவர்களுக்கே பணம் எளிதில் கிடைத்தது.

எந்த மாதத்தில் போவது நல்லது?
– வாசகி, மதுரை

பனாமாவில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. சபாவின் கிழக்குப் பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை அதிகம், காட்டுச் சாலைகள் துண்டிக்கப்படலாம். கோஸ்டாரிக்காவின் லா செல்வா நிலையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்வதால் மாதம் பார்த்துப் பயனில்லை. பெருவின் மாத்ரே டி டியோஸில் மே முதல் செப்டம்பர் வரை வறட்சிக் காலம், நடக்க எளிது. ஆனால் அந்த மாதங்களில்தான் தெற்கிலிருந்து குளிர்காற்று ஏறிவந்து சில நாட்கள் கடுங்குளிர் அடிக்கும், அதை அங்கே ஃப்ரியாஹே என்பார்கள். அமேசானுக்குக் கம்பளிச் சட்டையா என்று வீட்டில் சிரிப்பார்கள். ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.